'நீ போ' என்றார் பிரிட்டனி போ!

நெய்க்காரப்பட்டியில் ஐஸ் இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சர்பத் கடையின் தெர்மாகோல் பெட்டி, மீன்காரரின் வண்டி, பள்ளிக்கூட வாசலில் நிற்கிற குச்சி ஐஸ்காரர். மிஞ்சிப்போனால் கல்யாண மண்டபத்து ஜூஸ் மேஜை. அதே ஐஸை 400 மீட்டர் சுற்றளவுக்குத் தரையாகப் பரப்பி, அதன் மேல் பெண்கள் பஸ் வேகத்தில் பாய்கிறார்கள், அதற்குத் தங்க மெடல் தருகிறார்கள் என்று அந்த ஊர் வெல்ல மண்டியில் போய்ச் சொன்னால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிப்பதற்கு அதே அளவு நியாயம் உள்ள இன்னொரு ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஒகாலா. குதிரைப் பண்ணைகளுக்குப் பேர் போன ஊர். வெயில், புழுக்கம், சாயங்காலம் திடீரென்று இடியோடு மழை. ஸ்பீடு ஸ்கேட்டிங்குக்கான 400 மீட்டர் ஐஸ் தளம் அந்த ஊரில் கிடையாது. ஆனால் 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன அமெரிக்க ஸ்பீடு ஸ்கேட்டிங் அணியில் மூன்று பேர் ஒகாலாக்காரர்கள். பிரிட்டனி போ, எரின் ஜாக்சன், ஜோய் மான்டியா. மூன்று பேருமே கழுத்தில் மெடலோடு திரும்பினார்கள்.

சின்ன வயதில் மூன்று பேரும் பழகியது சக்கரத்தில். ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய 'இன்லைன்' ஸ்கேட்ஸ். மூன்று பேருக்கும் ஒரே கோச், ரெனீ ஹில்ட்பிராண்ட் என்ற பெண்மணி. சக்கர ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆகலாம், பிரிட்டனி போ பலமுறை ஆகியும் இருக்கிறார். ஆனால் ஒலிம்பிக்ஸில் சக்கர ஓட்டத்துக்கு இடமே கிடையாது. மெடல் வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு பிளேடு மாட்டிக்கொண்டு ஐஸுக்குப் போக வேண்டும்.

போ அப்படித்தான் போனார். (பெயர் தமிழ்க் காதுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும், உச்சரிப்பு அதுதான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயருக்கு ஒரு வேலை வரப்போகிறது.) எட்டு வயதில் சக்கரம் கட்டியவர், கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடியவர், 2010-ல் வான்கூவர் ஒலிம்பிக்ஸைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்குக் கிளம்பினார். மூன்றே வருடத்தில், 2013 நவம்பரில், பெண்கள் 1000 மீட்டரில் உலக சாதனை!

இந்த 1000 மீட்டர் ஓட்டம் என்ன மாதிரியானது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். இரண்டரைச் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் ஓடுவார்கள், ஒருவர் உள் லேன், மற்றவர் வெளி லேன். வெளி லேன் வளைவு நீளம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் லேன் மாறிக்கொள்ள வேண்டும். மாறும் இடத்தில் இருவரும் ஒன்றாக வந்துவிட்டால், வெளியிலிருந்து உள்ளே வருபவருக்குத்தான் வழிவிட வேண்டும். பக்கத்தில் ஓடுபவரை ஜெயித்துவிட்டால் மட்டும் போதாது. அன்றைக்கு ஓடிய எல்லா ஜோடிகளின் நேரத்தையும் வரிசைப்படுத்தித்தான் மெடல். ஆகவே நிஜப் போட்டி கடிகாரத்தோடு.

500 மீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி முடித்துவிடலாம். 3000 மீட்டருக்கு மேலே போனால் நிதானமாக அளந்து ஓடலாம். நடுவில் இருக்கிற 1000-மும் 1500-ம்தான் ஆளைத் தின்னும். ஆரம்பத்தில் 500 மீட்டர் வேகம் வேண்டும், கடைசிச் சுற்றில் தொடை தீயாக எரியும்போது அந்த வேகத்தை விடாமலும் இருக்க வேண்டும். அதுவும் நிமிர்ந்து ஓட முடியாது, முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே முழு தூரமும். நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து பாருங்கள், எழுந்திருக்கும்போது கால் நடுங்கும். அதே நிலையில் மணிக்கு 49 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் சாய்ந்து திரும்ப வேண்டும். பழனியிலிருந்து நெய்க்காரப்பட்டிக்கு வருகிற டவுன் பஸ் நல்ல ரோட்டில் பிடிக்கிற வேகம் அது.

ஐஸும் சும்மா தண்ணீரை ஊற்றி உறைய வைத்தது இல்லை. சுத்திகரித்த தண்ணீரைச் சூடாக்கி, மெல்லிய படலம் படலமாக விடுவார்கள். சூடான தண்ணீரில் காற்று குறைவு, உறைந்தால் வழவழவென்று வரும். ரொம்ப இறுகினால் பிளேடு பிடிக்காது, இளகினால் உள்ளே இறங்கும். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரி, ஐஸுக்குப் பதம் பார்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு.

உலக சாதனையோடு 2014-ல் சோச்சி ஒலிம்பிக்ஸுக்குப் போன போவுக்கு 1000 மீட்டரில் கிடைத்தது எட்டாவது இடம். 2016-ல் பயிற்சியின்போது இன்னொரு வீராங்கனையோடு மோதித் தலையில் அடி. ஒரு சீசனின் பெரும்பகுதி போனது. 2018 பியோங்சாங்கில் குழு ஓட்டத்தில் வெண்கலம் கிடைத்தது. ஆனால் அவருடைய ஓட்டமான 1000-ல் நான்காவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவில் 0.38 வினாடி. அந்த வெண்கலத்தை வாங்கியவர் ஜப்பானின் மிஹோ தகாகி. இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே, 2019 மார்ச்சில், சால்ட் லேக் சிட்டியில் 1 நிமிடம் 11.61 வினாடியில் மறுபடியும் உலக சாதனை செய்தார் போ. உலகத்திலேயே வேகமான பெண், ஒலிம்பிக்ஸில் மட்டும் தனி மெடல் இல்லை.

இப்போது 2022 ஜனவரி, மில்வாக்கி. அமெரிக்க அணிக்கான தேர்வுப் போட்டி. 500 மீட்டரில் அப்போதைக்கு அமெரிக்காவுக்கு உறுதியாக இருந்தது இரண்டு இடங்கள். அந்த சீசனின் எட்டு உலகக் கோப்பைப் பந்தயங்களில் நான்கை ஜெயித்து, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் எரின் ஜாக்சன். ஓடும்போது கால் தடுக்கியது. விழவில்லை, சமாளித்துக்கொண்டார். ஆனால் 500 மீட்டரில் ஒரு தடுக்கல் என்பது கல்யாணச் சமையலில் உப்பு ஒரு படி கூடிவிட்ட மாதிரி, திருத்த நேரம் கிடையாது. முடிவில் எரின் மூன்றாவது. முதலில் வந்தவர்? பிரிட்டனி போ.

எரின், போவை விட நான்கு வயது சின்னவர். அதே ஒகாலா, அதே கோச். படிப்பில் கெட்டி, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயன்ஸ் இன்ஜினீயரிங் முடித்தவர். ('விளையாட்டு விளையாட்டுன்னு போனா படிப்பு என்னாகுறது?' என்று கேட்கும் அப்பாக்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.) ஐஸில் தீவிரமாக இறங்கிய நான்கே மாதத்தில் 2018 ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவர், அப்போது 500-ல் அவருக்குக் கிடைத்தது 24-வது இடம். நான்கு வருடம் உழைத்து உலக முதலிடத்துக்கு வந்த நேரத்தில்தான் இந்தத் தடுக்கல்.

போ தன் இடத்தை எரினுக்கு விட்டுக்கொடுத்தார். நீ போ.

இதைத் தியாகம், தெய்வப் பிறவி என்றெல்லாம் அப்போது எழுதித் தள்ளினார்கள். போவுக்கு 1000-மும் 1500-ம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தன. 500 அவருடைய முதல் ஓட்டம் கிடையாது. எரின்தான் அந்த இடத்துக்கு உரியவர் என்பதுதான் அவரே சொன்ன காரணம். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். தேர்வில் ஜெயித்தவர் அவர். வயது 33, இன்னொரு ஒலிம்பிக் கிடைக்குமா என்று சொல்ல முடியாத வயது. சட்டப்படி யாரும் அவரைக் கேட்க முடியாது. வீட்டில் பெரிய பெண் சின்னவளுக்குத் தன் பங்கைத் தள்ளிவைத்துவிட்டு, 'எனக்குப் பசிக்கல' என்று எழுந்து போகிற ரகம் இது. பசி இல்லாமல் இருக்காது. பின்னால் வேறு நாடுகள் பயன்படுத்தாத இடங்களைப் பிரித்துக் கொடுத்தபோது அமெரிக்காவுக்கு மூன்றாவது இடமும் கிடைத்தது, போவும் 500 ஓடினார், 16-வது வந்தார். 'அப்படியென்றால் எரினே அந்த மூன்றாவது இடத்தில் போயிருக்கலாமே' என்று கேட்கலாம். மில்வாக்கியில் முடிவெடுத்த அன்று அந்த இடம் வரும் என்று யாருக்கும் உறுதி கிடையாது.

பிப்ரவரி 13, பெய்ஜிங். எரின் 37.04 வினாடியில் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்ஸில் தனிப் போட்டியில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண். 0.08 வினாடியில் வெள்ளிக்குத் தள்ளப்பட்டவர் யார் தெரியுமா? மிஹோ தகாகி.

மிஹோவின் கதை தனி. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், மகுபெட்சு என்ற சிற்றூர்க்காரர். 15 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்ஸுக்குப் போனார். 1000 மீட்டரில் 35-வது இடம். அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு அணியிலேயே எடுக்கவில்லை. அங்கேயே நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். அவர் திரும்பி வந்தார். 2018-ல் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் வாங்கினார். அதில் தங்கம், அக்கா நானாவோடு சேர்ந்து ஓடிய குழு ஓட்டத்தில்.

பெய்ஜிங்கில் 1500-ல் வெள்ளி. 500-ல் வெள்ளி. பிப்ரவரி 15 அன்று குழு ஓட்டத்தின் இறுதிப் போட்டி, எதிரில் கனடா. மூன்று பேர் வரிசையாக ஓடுவார்கள், மூன்றாவது ஆள் கோட்டைத் தொட்டால்தான் நேரம் கணக்கு. ஜப்பான் மெல்லிய முன்னிலையில் இருந்தது. கடைசி வளைவு. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த அக்கா நானா நிலை தடுமாறி விழுந்து பக்கச் சுவரில் போய் மோதினார். தங்கம் கனடாவுக்கு. தங்கைக்கு மூன்றாவது வெள்ளி. அக்கா அழுத அழுகையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 17, பெண்கள் 1000 மீட்டர். மிஹோவுக்கு அந்த ஒலிம்பிக்ஸில் அது ஐந்தாவது போட்டி. உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? மனசில்?

1 நிமிடம் 13.19 வினாடி. ஒலிம்பிக் சாதனை. நெதர்லாந்தின் யூட்டா லீர்டாம் 0.64 வினாடி பின்னால், வெள்ளி. 1 நிமிடம் 14.61 வினாடியில் மூன்றாவது, பிரிட்டனி போ. மிஹோவுக்கும் போவுக்கும் இடையே தூரக் கணக்கில் ஏறக்குறைய 20 மீட்டர். தன்னுடைய சொந்த உலக சாதனையை விட மூன்று வினாடி மெதுவான ஓட்டம்தான் அது. (சால்ட் லேக் சிட்டி கடல் மட்டத்திலிருந்து உயரமான ஊர், அங்கே காற்று மெலிதாக இருப்பதால் உலக சாதனைகள் அங்கேதான் விழும். பெய்ஜிங் அப்படி இல்லை.) ஆனால் மூன்று ஒலிம்பிக்ஸ் ஓடி, 34 வயதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிடைத்த முதல் தனி மெடல். அதுவும் நான்கு வருடத்துக்கு முன் 0.38 வினாடியில் அவரிடமிருந்து வெண்கலத்தை வாங்கிப்போனவர் இந்த முறை இரண்டு படி மேலே நிற்க, அந்த வெண்கலப் படியில் போ.

இதெல்லாம் குளிர் தேசத்துக் கதை, நமக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு 2023 அக்டோபர் 2-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, பெண்கள் 3000 மீட்டர் தொடர் ஓட்டம், சக்கர ஸ்பீடு ஸ்கேட்டிங். இந்தியாவுக்கு வெண்கலம், நேரம் 4 நிமிடம் 34.861 வினாடி. ஓடிய நான்கு பேரில் இரண்டு பேர் தமிழ்நாட்டுப் பெண்கள், கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும். உடன் ஓடியவர்கள் ஹீரல் சாது, சஞ்சனா பதுலா. அன்றைக்கே ஆண்கள் அணியும் வெண்கலம் வாங்கியது, அதில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் அவர் 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியனும் ஆகிவிட்டார், ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்கு முதல் உலகத் தங்கம். அதே 1000 மீட்டர். அடியில் ஐஸுக்குப் பதில் சக்கரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, ஒகாலா செய்த முதல் பாதி வேலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்துவிட்டது. வெயில் ஊரில் சக்கரம் கட்டிய பிள்ளைகள் ஆசியாவிலும் உலகத்திலும் மெடல் வாங்கிவிட்டார்கள். இரண்டாவது பாதிதான் பாக்கி. சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போனவர்களுக்குக் கால் பலம் அப்படியே கூட வரும், வளைவில் சாய்கிற தைரியமும் வரும். புதிதாகக் கற்க வேண்டியது பிளேடின் விளிம்பை நம்புவதும், ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் அவசரப்படாமல் வழுக்க விடுவதும். சக்கரத்தில் கூட்டமாக ஓடி, முட்டி மோதி, கடைசியில் பாய்ந்து பழகியவர்களுக்கு, கடிகாரத்தோடு தனியாக ஓடும் மனசும் பழக வேண்டும்.

அதற்கு ஐஸ் வேண்டும். 400 மீட்டர் உள்ளரங்க ஐஸ் தளம் இந்தியாவிலேயே கிடையாது. லடாக்கின் லேயில், குளிரில் தானாக உறையும் குபுக் குளத்தின் மேல்தான் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியின் நீள்தளப் பந்தயங்களை நடத்துகிறார்கள். அங்கே போய் மெடல் வாங்கி வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பது நெய்க்காரப்பட்டிக்கும் கொஞ்சம் பெருமைதான். டேராடூனில் 2011-ல் கட்டிய ஹிமாத்ரி அரங்கம் 60-க்கு 30 மீட்டர் அளவு, குறுந்தள ஸ்கேட்டிங்குக்குச் சரி. கட்டியதோடு சரி, கரன்ட் பில் கட்டி மாளாமல் பல வருடம் பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறந்து 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான போட்டியே நடத்திவிட்டார்கள். நெய்க்காரப்பட்டிப் பெண் ஒருத்தி அந்த ஐஸைத் தொட வேண்டுமென்றால், இன்றைய நிலையில் இரண்டு ராத்திரிக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும்.

ஐஸ் அரங்கம் அரசாங்கம் பார்க்க வேண்டிய விஷயம். வீட்டில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது. பிள்ளைகளை ஏழெட்டு வயதில் ஸ்கேட்டிங் கிளாஸில் சேர்ப்பது இப்போது சின்ன ஊர்களிலும் சாதாரணம். பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் தளத்தில், சனி ஞாயிறு காலையில், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் கட்டிக்கொண்டு வாத்துக் குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் போவார்கள். பாதிக்குப் பாதி பெண் குழந்தைகள் இருப்பார்கள். அதே தளத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்களைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படுவது கஷ்டம். பெரியவளாகிவிட்டாள், அந்த இறுக்கமான டிரெஸ்ஸைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் ஓடுவாளா, விழுந்து முகத்தில் தழும்பு வந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள், பத்தாவது வந்துவிட்டது. பையனுக்கு இந்தக் கேள்விகளில் கடைசி ஒன்று மட்டும்தான் வரும். அந்த டிரெஸ் காற்றைக் கிழிப்பதற்காக அப்படித் தைத்தது. ஹெல்மெட்டையும் கவசத்தையும் ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலான அடி சிராய்ப்போடு போய்விடும்.

போ எட்டு வயதில் ஆரம்பித்து, 1000 மீட்டர் வெண்கலம் வாங்கும்போது வயது 33. இருபத்தைந்து வருடம். கார்த்திகாவும் ஆரத்தியும் பள்ளிப் பருவத்தோடு நிறுத்தியிருந்தால் ஹாங்சோவில் அந்த வெண்கலம் இல்லை. இன்றைக்கு எட்டு வயதில் சக்கரம் கட்டி நிற்கிற பெண்ணுக்கு 2034 குளிர்கால ஒலிம்பிக்ஸ் வரும்போது பதினாறு, பதினேழு வயது இருக்கும். அந்த ஒலிம்பிக்ஸை நடத்தப்போகும் இடம் யூட்டா, போ பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அதே சால்ட் லேக் சிட்டி.